எந்த மரக்காலால் அளந்தது? நிறவெளிகளின் வரலாறும் ஒளிப்படக் கோப்பின் எண்களும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லைப் பற்றிப் பேசும்போது இத்தனை கலம் என்று எண்ணை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. அந்த நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. ஆடவல்லான் என்னும் மரக்கால் அங்கே பெயர் சுட்டப்படுகிறது. அது இராஜகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்ற விளக்கமும் தரப்படுகிறது. பொன்னையும் நகைகளையும் நிறுத்த கற்களுக்கும் தனித்தனிப் பெயருண்டு. அளவைகள் இடத்துக்கு இடம் வேறுபட்ட காலத்தில், அளவையின் பெயரில்லாத எண்ணுக்குப் பொருளில்லை என்பதை அவற்றைப் பொறிக்கச் செய்தவர்கள் அறிந்திருந்தனர்.

ஆய்வாளர்களின் கணினிகளில் இன்று குவிந்து கிடக்கும் ஒளிப்படக் கோப்புகளும் எண்களின் தொகுப்புகளே. ஓலைச்சுவடி, சுவரோவியம், செப்பேடு, பழைய இதழின் அட்டை என எதைப் படம் பிடித்தாலும், கோப்பில் எஞ்சுவது ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்தாம். பெரும்பாலும் அவை 0 முதல் 255 வரை அமைகின்றன. ஆனால் 255 என்பது எந்தச் சிவப்பின் உச்சம் என்பதை அந்த எண் தானாகச் சொல்வதில்லை. அதைச் சொல்லும் அளவைக்கே கலர் ஸ்பேஸ், அதாவது நிறவெளி, என்று பெயர். படத்தைச் சேமிக்கும்போது மென்பொருள் காட்டும் எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே என்ற பட்டியலைப் பலரும் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். அதனால் நேரும் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது மீட்கவும் முடிவதில்லை.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். எஸ்ஆர்ஜிபி வெளியின் முழுச் சிவப்பு 255, 0, 0 என்று எழுதப்படும். அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபி வெளியில் எழுதினால் 219, 0, 0 ஆகும். இரண்டும் ஒரே நிறம், அளவைதான் வேறு. இப்போது அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பிலிருந்து அந்த வெளியின் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டதாகக் கொள்வோம். கோப்பைத் திறக்கும் மென்பொருள் 219 என்பதை எஸ்ஆர்ஜிபியின் 219 என்றே படிக்கும். சிவப்பு மங்கித் தோன்றும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைக் காணும் ஒருவர், சுவரில் இருந்த செங்காவி மங்கியதா, கோப்பு மங்கியதா என்று எவ்வாறு பிரித்தறிவார்?

கல்லும் மையும்

நிறத்துக்கு எண் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவி வர்மா அச்சகம் கடவுளர் படங்களை அச்சிட்ட முறை பலவண்ணக் கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒவ்வொரு கல்லுக்கும் அச்சகத்தில் கலந்தெடுத்த ஒரு மை. இலட்சுமியின் சேலைச் சிவப்பு எது என்பதை முடிவு செய்தது கைவினைஞரின் கண். அச்சகத்துக்கு வெளியே அந்தச் சிவப்பை எவருக்கும் எழுதி அனுப்ப வேண்டிய தேவை எழவில்லை.

மூவண்ண ஒளிப்பட அச்சு இந்த நிலையை மாற்றியது. எல்லா நிறங்களையும் மூன்று மைகளின் கலவையாகப் பிரிக்கலாம் என்னும் எண்ணத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யாக்கோப் கிறிஸ்தோஃப் லெ பிளோன் கையால் செதுக்கிய தகடுகளில் செய்து காட்டியிருந்தார். ஒளிப்படக் கருவியும், படத்தை நுண்புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் திரையும் சேர்ந்தபோது அது தொழில்முறை ஆயிற்று. வடிகண்ணாடிகள் வழியாக மூன்று முறை படம் பிடித்து, மூன்று தகடுகள் செய்து, மூன்று மைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் முழு வண்ணப் படம் கிடைக்கும். இங்கே சேலையின் சிவப்பு என்று ஒரு மை கிடையாது. மூன்று தகடுகளின் புள்ளிகள் எந்த விகிதத்தில் அமைகின்றன என்பதே நிறம். நிறம் பொருளிலிருந்து பிரிந்து விகிதமாயிற்று.

இந்த மாற்றத்தின் உள்ளீட்டை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. வங்கக் குழந்தை இலக்கியத்தின் முன்னோடியாகவும் சத்யஜித் ராயின் பாட்டனாராகவும் பலர் அறிந்த இவர், 1895இல் லண்டனிலிருந்து கருவிகளை வரவழைத்து அச்சுத்தகட்டுத் தொழிலைத் தொடங்கினார். ஹாஃப்டோன் திரை தகட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும், வில்லையின் துளை எந்த வடிவில் அமைய வேண்டும், புள்ளி எவ்வாறு உருவாகிறது என்பவற்றைக் கணித அடிப்படையில் ஆராய்ந்து, 1897 முதல் லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். ஐரோப்பாவுக்கு அவர் சென்றதில்லை. அவர் மகன் சுகுமார் ராய் 1911இல் அச்சுத் தொழில்நுட்பம் கற்க இங்கிலாந்து சென்று 1913இல் திரும்பினார். இந்திய ஓவியர்களின் படைப்புகள் இதழ்கள் வழியாக வாசகரின் கைகளில் வண்ணத்தில் சேர்ந்ததற்கு இத்தகைய உழைப்பே அடித்தளம். எனினும் ஒரு குறை நீடித்தது. ஓர் அச்சகத்தின் மூன்று மைகள் மற்றோர் அச்சகத்தின் மூன்று மைகளாக இருப்பதில்லை. விகிதம் எழுதப்பட்டது; எதன் விகிதம் என்பது எழுதப்படவில்லை.

பதினேழு பேரின் கண்கள்

அந்தக் குறையைத் தீர்க்கும் வழி அச்சகத்திலிருந்து வரவில்லை, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கட்டம்போட்ட நாடாவின் படத்தைத் திரையில் காட்டினார். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தாமஸ் சட்டன் எடுத்த தகடுகளை, அதே வடிகட்டிகள் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒளியால் வீழ்த்தியபோது வண்ணப் படம் தோன்றியது. கொள்கை வென்றது; ஆனால் அக்காலத் தகடுகள் சிவப்பொளியை உணரக்கூடியவை அல்ல. பிறகு சிவப்புத் தகட்டில் பதிந்தது எது? சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1961இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். நாடாவின் சிவப்புச் சாயம் எதிரொளித்த புற ஊதாக் கதிர்கள் வடிகட்டி வழியே ஊடுருவித் தகட்டில் பதிந்திருந்தன. சிவப்பு என்று பெயரிட்ட தகடு சிவப்பை அளக்கவே இல்லை. எண் சரியாக அமைவது வேறு, அது எதை அளந்தது என்று அறிவது வேறு என்பதற்கு வண்ண ஒளிப்படத்தின் முதல் நாளே சான்றாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளுக்கு இந்த ஐயம் கட்டுப்படியாகவில்லை. சாயம், விளக்கு, வண்ணக் கண்ணாடி ஆகியவற்றை நாடு கடந்து விற்க ஒரு பொது அளவை வேண்டியிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் பத்துப் பேரையும், டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு ஏழு பேரையும் கொண்டு 1920களில் சோதனைகள் நடத்தினர். ஒரு சிறு வட்டத்தின் ஒரு பாதியில் ஒற்றை அலைநீள ஒளி. மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளின் கலவை. இரு பாதிகளும் வேறுபாடின்றித் தோன்றும்வரை பார்வையாளர் விளக்குகளைக் கூட்டிக் குறைப்பார். அந்தப் பதினேழு பேரின் சராசரியிலிருந்து ஒரு திட்டப் பார்வையாளர் உருவாக்கப்பட்டார். 1931இல் கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியியல் ஆணையம் அதை ஏற்று, எக்ஸ், ஒய், இஸட் என்ற மூன்று அளவுகளால் எந்த நிறத்தையும் குறிக்கும் முறையை நிறுவியது. இன்றைய நிறவெளிகள் இந்த அளவுகோலில்தான் தங்கள் இடத்தை அடையாளம் காட்டுகின்றன. கைப்பேசித் திரையின் சிவப்பு எது என்று வரையறுக்கும் தசம எண்கள் அந்தப் பதினேழு பேரின் கண்களுக்குக் கடன்பட்டவை.

இந்த அளவுகோலின் எல்லையையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இரு ஒளிகள் பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே அது சொல்லும். மனிதர் எவ்வாறு காண்கிறார் என்பதை அது சொல்லாது. சர் சி. வி. ராமன் தம் இறுதிக் காலத்தில் பெங்களூரில் நிறப்பார்வை பற்றி விரிவாக ஆராய்ந்து, 1968இல் வெளியிட்ட தி ஃபிசியாலஜி ஆஃப் விஷன் என்ற நூலில், கண்ணில் மூவகை உணர்விகள் உண்டு என்னும் கொள்கையை மறுத்தார். விழித்திரைக் கூம்புகளை நேரடியாக அளந்த 1960களின் சோதனைகள் மூவகைக் கொள்கைக்கே ஆதரவாக அமைந்தன. எனினும் அந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்திருந்தாலும் 1931இன் அளவுகோல் குலைந்திருக்காது. பொருத்தம் என்ற ஒரே அடிப்படையின் மீது அது கட்டப்பட்டிருந்தது. அதன் வலிமையும் வறுமையும் அதுவே.

சராசரித் திரையின் சட்டம்

1980களின் பிற்பகுதியில் அச்சுக்கோப்பும் ஒளிப்படமும் மேசைக் கணினிக்கு வந்தபோது பழைய குழப்பம் புதிய உருவில் திரும்பியது. ஸ்கேனருக்கு ஒரு சிவப்பு, திரைக்கு ஒரு சிவப்பு, அச்சுப்பொறிக்கு ஒரு சிவப்பு. ஆப்பிள் நிறுவனம் 1993இல் கலர்சிங்க் என்னும் நிற மேலாண்மை முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் எட்டு நிறுவனங்கள் இணைந்து ஐசிசி எனப்படும் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை உருவாக்கின. அதன் தீர்வு, தஞ்சைக் கல்வெட்டின் தீர்வேதான். ஒவ்வொரு கோப்பும் தன் எண்கள் எந்த அளவையைச் சேர்ந்தவை என்னும் குறிப்பைத் தன்னுள் சுமக்க வேண்டும். அந்தக் குறிப்புக்கு ஐசிசி புரொஃபைல் என்று பெயர். ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு மாற்றும்போது இடையில் 1931இன் அளவுகோல் பொது மொழியாக நிற்கும்.

இணையம் இந்தச் சீரான திட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அன்றைய தொலைபேசி இணைப்பின் வேகத்தில், சிறு படம் ஒவ்வொன்றுடனும் ஒரு புரொஃபைலை அனுப்புவது சுமையாகத் தோன்றியது. பெரும்பாலான உலாவிகளுக்கு அதைப் படிக்கவும் தெரியாது. 1996 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் மைக்கேல் ஸ்டோக்ஸ், ரிக்கார்டோ மோட்டா, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மேத்யூ ஆண்டர்சன், ஸ்ரீநிவாசன் சந்திரசேகர் ஆகிய நால்வர் ஒரு மாற்று வழியை முன்வைத்தனர். குறிப்பு எதுவும் இல்லாத படத்துக்கு ஓர் இயல்பான அளவை இருந்தால் போதும் என்பதே அவர்களின் வாதம். அதுவே எஸ்ஆர்ஜிபி. உயர் தெளிவுத் தொலைக்காட்சிக்காக 1990இல் வகுக்கப்பட்டிருந்த முதன்மை நிறங்களையே அது எடுத்துக்கொண்டது. அன்று மேசைகளில் இருந்த கண்ணாடிக் குழாய்த் திரைகள் இயல்பாக எவ்வாறு ஒளிர்ந்தனவோ, அந்த நடத்தையையே சட்டமாக எழுதியது. மங்கிய வெளிச்சமுள்ள அறையில் வைக்கப்பட்ட திரையை அது கற்பனை செய்தது. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று.

அச்சுத் துறையினர் இதை விரும்பவில்லை. கண்ணால் காணக்கூடிய நிறங்களின் வரைபடத்தில் எஸ்ஆர்ஜிபியின் முக்கோணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே அடைக்கிறது. குறிப்பாக ஆஃப்செட் அச்சின் சயான் மை, அதாவது நீலப்பச்சை மை, அந்த முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது. காகிதத்தில் அச்சிட முடிந்த ஒரு நிறத்தை எஸ்ஆர்ஜிபி கோப்பில் எழுதவே முடியாது. ஆயினும் எஸ்ஆர்ஜிபி வென்றது. அதன் வலிமை அகலத்தில் இல்லை, பொதுமையில் இருந்தது. பெயர் சொல்லாவிட்டாலும் இந்த மரக்கால்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அளவைக்குக் கொள்ளளவு குறைவாக இருப்பது பொறுக்கத்தக்க குறையாயிற்று.

பிழையாகப் பிறந்த வெளி

எஸ்ஆர்ஜிபிக்கு அடுத்தபடியாக ஒளிப்படக்காரர்கள் நன்கறிந்த அடோபி ஆர்ஜிபியின் பிறப்பு விந்தையானது. 1998இல் வெளிவரவிருந்த ஃபோட்டோஷாப் 5.0 பதிப்பில் நிற மேலாண்மையைச் சேர்க்க முனைந்தபோது, அதன் முதன்மை உருவாக்குநரான தாமஸ் நோல் ஒரு பழைய தொலைக்காட்சித் தர ஆவணத்திலிருந்து முதன்மை நிறங்களின் மதிப்புகளை எடுத்து ஒரு புரொஃபைல் அமைத்தார். பின்னர்தான் தெரியவந்தது: அந்த மதிப்புகள் ஆவணத்தின் உண்மையான தரம் அல்ல, பிற்சேர்க்கையில் தரப்பட்டிருந்த இலட்சிய மதிப்புகள். போதாக்குறைக்குச் சிவப்பின் மதிப்பைப் படியெடுத்ததிலும் பிழை நேர்ந்திருந்தது. விவரம் அறிந்தவர்கள் சுட்டிக்காட்டியபோது அடோபி திருத்த முயன்றது. ஆனால் அந்த அகன்ற வெளி பயனர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதில் கோப்புகளும் சேர்ந்துவிட்டிருந்தன. இறுதியில் மதிப்புகளை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அடோபி ஆர்ஜிபி 1998 என்று மாற்றினர்.

சுவடியியலில் பயின்றோருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஏடெழுதியவர் பிழையாகப் படியெடுத்த ஒரு பாடம், அதைப் பின்பற்றிய படிகளின் பெருக்கத்தால் ஏற்கப்பட்ட பாடமாக நிலைபெறுவது அத்துறையில் அன்றாட நிகழ்ச்சி.

இந்த வெளிக்கும் எஸ்ஆர்ஜிபிக்கும் சிவப்பு முனையும் நீல முனையும் ஒன்றே. பச்சை முனை மட்டுமே வெளிநோக்கி நகர்ந்திருக்கிறது. ஆகவே இதில் கூடுதலாகக் கிடைப்பது பசுமையும், தமிழில் மயில்கழுத்து நிறம் என்று வழங்கும் நீலப்பச்சைப் பகுதியும். ஆஃப்செட் மைக்குத் தேவைப்படும் பகுதியும் அதுவே. அச்சுக்குச் செல்லும் படத்துக்கு அடோபி ஆர்ஜிபி பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுதான். உயர்தரக் கேமராக்களில் இந்த வெளியைத் தேர்ந்தால் கோப்பின் பெயர் அடிக்கோட்டுக் குறியுடன் தொடங்குவதைப் பலர் கண்டிருப்பர். அந்தச் சிறு கோடும் ஒரு மரக்கால் பெயர்தான்.

இதற்கும் அகன்ற வெளிகள் உள்ளன. கோடாக் உருவாக்கிய புரோஃபோட்டோ ஆர்ஜிபியின் முனைகள் சில, கண்ணால் காணவே முடியாத கற்பனை நிறங்கள். இவ்வளவு பரந்த வெளியை 256 படிகளால் அளந்தால் படிகளுக்கு இடையே இடைவெளி விழுந்து, வானத்தின் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாகப் பிளக்கும். ஆகவே 16 பிட் கோப்புகளில் மட்டுமே அதைக் கையாள வேண்டும். திரையரங்கு எண்ம ஒளிவீழ்த்திகளுக்காக வகுக்கப்பட்ட பி3 முதன்மை நிறங்களைத் தழுவி ஆப்பிள் தன் கருவிகளில் டிஸ்பிளே பி3 வெளியைக் கொண்டுவந்தது. 2016இல் வந்த ஐஃபோன் 7 முதல் அதன் கைப்பேசிகள் படங்களையும் அந்த வெளியிலேயே பதிகின்றன. நூலகத்தில் கைப்பேசியால் சுவடியைப் படமெடுக்கும் மாணவர், தாம் அறியாமலே, எஸ்ஆர்ஜிபி அல்லாத ஓர் அளவையில் அளந்துகொண்டிருக்கக்கூடும்.

காகிதத்துக்கு ஒரு வெளி

சிஎம்ஒய்கே என்பது ஒரு நிறவெளி அன்று. அது ஒரு குடும்பப் பெயர். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் விழுக்காட்டை அது குறிக்கிறது. மும்மைகளும் சேர்ந்தால் கோட்பாட்டளவில் கறுப்பு வர வேண்டும். நடைமுறையில் சேற்றுப் பழுப்பே வருவதால் கறுப்பு மை தனியாகச் சேர்க்கப்பட்டது. ஒரே விழுக்காட்டை வழவழப்பான மேல்பூச்சுத் தாளிலும் செய்தித்தாளிலும் அச்சிட்டால் இரு வேறு நிறங்கள் வரும். செய்தித்தாளில் மை உறிஞ்சிப் பரவும், புள்ளி பெருக்கும். மேல்பூச்சுத் தாள் நான்கு மைகளும் சேர்ந்து 300 விழுக்காட்டுக்கு மேலும் தாங்கும். செய்தித்தாளுக்கு 240 விழுக்காடே வரம்பு. ஜெர்மனியின் ஃபோக்ரா ஆய்வகம் அளந்து வெளியிட்ட ஃபோக்ரா39, ஃபோக்ரா51 போன்ற தரவுகள் எந்தத் தாள், எந்த மை, எந்த அச்சு நிலை என்று பெயர் சொல்லி வரையறுப்பது இதனால்தான். 1996இல் முதன்முதல் வெளிவந்த ஐஎஸ்ஓ 12647 தொகுதியின் ஆஃப்செட் தரமும் அதே நோக்கம் கொண்டது.

படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் சிஎம்ஒய்கேக்கு மாற்றிவிடு என்ற பொது அறிவுரை இதனால் அரைகுறையானது. எந்தத் தாளுக்கு என்று தெரியாமல் மாற்றுவது, எந்த ஊர்ச் சந்தைக்கு என்று தெரியாமல் நெல்லை அளந்து கட்டுவதற்கு ஒப்பாகும். அச்சகம் பயன்படுத்தும் புரொஃபைலைக் கேட்டறிந்து மாற்றுவது ஒரு முறை; புரொஃபைல் உட்பொதித்த ஆர்ஜிபி கோப்பையே தந்து, மாற்றத்தை அச்சகத்திடம் விடுவது மற்றொரு முறை. இரண்டும் ஏற்கத்தக்கவை. மென்பொருள் இயல்பாகக் காட்டும் ஏதோ ஒரு சிஎம்ஒய்கேயில் சேமித்து, மூலத்தை அழித்துவிடுவது மட்டுமே ஏற்கத்தகாதது.

மாற்றுதல் என்னும் சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. மென்பொருள்களில் கன்வர்ட், அசைன் என இரு கட்டளைகள் அருகருகே நிற்கும். முதலாவது, அளந்த நெல்லை வேறொரு மரக்காலால் மீண்டும் அளப்பது; எண் மாறும், நெல் மாறாது. இரண்டாவது, எண்ணை அப்படியே விட்டு மரக்காலின் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது; எண் மாறாது, நெல் மாறிவிடும். பெயரில்லாத கோப்புக்கு உண்மையான பெயர் தெரியவரும்போது மட்டுமே இரண்டாவது கட்டளைக்கு இடமுண்டு. முதலாவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரிய வெளியிலிருந்து சிறிய வெளிக்கு மாற்றும்போது கொள்ளாத நிறங்கள் விளிம்பில் வழிந்துவிடும். பின்னர் பெரிய வெளிக்குத் திருப்பி மாற்றினாலும் வழிந்தவை திரும்பி வாரா.

அஜந்தாவின் நிறம் எது?

இத்தனை நுணுக்கமும் எதற்காக என்ற கேள்விக்கு அஜந்தாவின் வரலாறு விடை தருகிறது. ராபர்ட் கில் ஆண்டுக்கணக்கில் வரைந்த படிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் மூண்ட தீயில் அழிந்தன. 1872 முதல் 1885 வரை ஜான் கிரிஃபித்ஸும் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களும் தீட்டிய படிகளில் பலவும் 1885இல் லண்டனில் நேர்ந்த மற்றொரு தீக்கு இரையாயின. 1909 முதல் 1911 வரை லேடி ஹெரிங்ஹாம் தலைமையில் நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார் முதலியோர் மீண்டும் படியெடுத்தனர். அவை 1915இல் நூலாயின. குலாம் யஸ்தானி பதிப்பித்த தொகுதிகள் 1930 முதல் 1955 வரை வெளிவந்தபோது, கையால் தீட்டிய படிகளுக்குப் பதிலாக வண்ண ஒளிப்படம் அடிப்படையாயிற்று.

இதற்கிடையே சுவர்களும் மாறிக்கொண்டிருந்தன. பாதுகாப்புக்கென்று பூசிய மெருகெண்ணெயும் அரக்கும் நாளடைவில் மஞ்சளித்து ஓவியங்களை மூடின. பின்னர் அவற்றை அகற்றும் பணி நடந்தது. ஆகவே அஜந்தாவின் ஓர் ஓவியத்துக்கு ஒரு நிறம் என்று இல்லை. 1880களின் நிறம், 1910இன் நிறம், 1930களின் நிறம், இன்றைய நிறம் என்று பல உண்டு. கடந்தவற்றுக்கு எஞ்சிய சான்றுகள் படிகளும் அச்சுகளுமே. அந்தப் பழைய அச்சுகளின் மைகள் எவை, எந்த ஒளியில் சரிபார்க்கப்பட்டன என்ற குறிப்பு இருந்திருந்தால் ஒரு நூற்றாண்டின் நிறமாற்றத்தை இன்று அளந்தே பார்த்திருக்கலாம். அக்காலத்தில் 1931இன் அளவுகோல் பிறக்கவில்லை, அல்லது அச்சகங்களை எட்டவில்லை. அவர்கள்மீது குறை சொல்ல முடியாது. இன்றைய ஆய்வாளருக்கு அந்தச் சாக்கு இல்லை.

எளிதில் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு ஒன்றை இந்த வரலாறு வகுத்துத் தருகிறது. ஆவணப்படுத்தும்போது, 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையைப் பொருளின் அருகே வைத்து ஒரு படமேனும் எடுக்க வேண்டும். 1976இல் அறிமுகமான இந்த அட்டையின் கட்டங்களுக்கு அளந்த மதிப்புகள் உண்டு. கேமராவின் ரா கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நிலைக்காப்புப் படியை அகன்ற வெளியில், 16 பிட் டிஃப் கோப்பாக, புரொஃபைல் உட்பொதித்துச் சேமிக்க வேண்டும். அச்சுக்குச் செல்லும் படி அதிலிருந்து பிறக்க வேண்டும். இணையத்துக்கான படி எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றப்பட்ட ஜேபெக் கோப்பாக இருக்க வேண்டும். அதிலும் புரொஃபைல் உட்பொதிந்திருக்க வேண்டும். 2009இன் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 தொட்டு உலாவிகள் புரொஃபைலை மதிக்கத் தொடங்கிவிட்டாலும், படத்தை ஏற்றும் தளங்கள் பல அதை உரித்தெறிந்துவிடுகின்றன. பெயர் உரிக்கப்பட்ட பின்னும் சரியாகப் படிக்கப்படும் ஒரே வெளி எஸ்ஆர்ஜிபி. இணையத்துக்கு அது பரிந்துரைக்கப்படுவதற்கான முழுக் காரணமும் இவ்வளவே.

ஆகவே எந்த நிறவெளி சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. எஸ்ஆர்ஜிபி 1990களின் மங்கிய அறையில் இருந்த ஒரு சராசரித் திரையை நினைத்து வகுக்கப்பட்டது. அடோபி ஆர்ஜிபி ஒரு பிழையில் பிறந்து அச்சின் தேவைக்கு உதவியது. சிஎம்ஒய்கே ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தாளின் இயல்பு. எல்லாவற்றுக்கும் அடியில் பதினேழு பேரின் கண்கள் இருக்கின்றன. சேமிக்கும்போது தேர்வது, அந்தப் படம் யாரிடம், எந்தத் திரையில் அல்லது எந்தத் தாளில் சென்று சேரப்போகிறது என்ற முடிவை. தேர்வில் தவறு நேர்ந்தாலும் அளவையின் பெயர் கோப்பில் இருந்தால் பின்வருவோர் பெரும்பாலும் கணக்கிட்டுத் திருத்திக்கொள்வர்; பெயர் இல்லையென்றால் ஊகிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இராஜகேசரி மரக்கால் இன்று யார் கையிலும் இல்லை. ஆயினும் அதன் பெயர் கல்லில் இருப்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அளந்த நெல்லைப் பற்றி இன்றும் பொருளுடன் பேச முடிகிறது.